கார்புரேட்டரைத் திருத்துவதா, இன்ஜினை மாற்றுவதா: பழைய ஜிப்சிகள் எழுப்பும் கேள்வி

பழைய பெட்ரோல் வண்டி ஒன்றை ஓடும் நிலையில் வைத்திருப்பவர் ஏதேனும் ஒரு கட்டத்தில் எதிர்கொண்டே தீரவேண்டிய கேள்வி இது. இருக்கும் கார்புரேட்டர் இன்ஜினைப் பிரித்துச் செப்பனிட்டு, இயன்றால் சற்று வலுவும் கூட்டிக்கொள்வதா? அல்லது அதைக் கழற்றி ஓரம்வைத்துவிட்டு, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் அமைப்புடைய பிற்கால இன்ஜின் ஒன்றைப் பொருத்துவதா? இந்தியாவில் இவ்விவாதம் பெரும்பாலும் குதிரைத்திறன் பற்றிய பேச்சாகவோ செலவுக் கணக்காகவோ தொடங்கி, அங்கேயே முடிந்தும் விடுகிறது. இவ்விரண்டும் இரண்டாம் நிலைக் காரணிகளே. அவ்வண்டி எந்த உயரத்தில், எந்தப் பெட்ரோலில் ஓடப்போகிறது, அதைப் பழுதுபார்க்கும் அறிவு யாரிடம் எஞ்சியிருக்கிறது, செய்த மாற்றத்தை அரசின் பதிவேடு எவ்வாறு காணும் என்பவை அவற்றுக்கு முன்னால் கேட்கப்பட வேண்டியவை. அவ்வாறு கேட்டால், அன்றாடம் ஓட வேண்டிய வண்டிக்கு இன்ஜின் மாற்றமே பெரும்பாலும் தகுந்த தேர்வு என்பதும், அதற்குக் குறுக்கே நிற்பது தொழில்நுட்பம் அன்று, சட்டத்தின் மௌனம் என்பதும் புலப்படும்.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரு வண்டியை வைத்துப் பேசுவது தெளிவு தரும். மாருதி ஜிப்சி அதற்கு ஏற்றது. 1985ஆம் ஆண்டின் இறுதியில் அது 970 சிசி கொள்ளளவும் 45 குதிரைத்திறனும் கொண்ட கார்புரேட்டர் இன்ஜினுடன் அறிமுகமாயிற்று. 1996இல் அவ்விடத்தை 1.3 லிட்டர் இன்ஜின் பிடித்தது. அதுவும் கார்புரேட்டர்தான். சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள், ஏறத்தாழ 60 குதிரைத்திறன். 2000ஆம் ஆண்டளவில் அதே குடும்பத்தைச் சேர்ந்த, அதே 1298 சிசி கொள்ளளவுள்ள, ஆனால் 16 வால்வுகளும் எம்பிஎஃப்ஐ எனப்படும் பல்முனை இன்ஜெக்‌ஷனும் கொண்ட இன்ஜின் வந்தது. திறன் 80ஆக உயர்ந்தது. 2019இல் உற்பத்தி நின்றபோதும் ஜிப்சியில் இருந்தது அவ்வின்ஜினே. ஆக, 1997ஆம் ஆண்டு ஜிப்சியை வைத்திருக்கும் ஒருவர் இன்று செய்ய எண்ணும் மாற்றத்தை, உற்பத்தி நிறுவனமே அதே சட்டகத்தில், அதே வகைப் பெட்டகத்தில் ஒருமுறை செய்துகாட்டியிருக்கிறது. எங்கோ ஒரு வெளிநாட்டு வி8 இன்ஜினைக் கொண்டுவந்து திணிக்கும் கதையன்று இது.

அம்மாற்றம் வாடிக்கையாளரின் விருப்பத்தால் நிகழ்ந்ததும் அன்று. தேசியத் தலைநகர்ப் பகுதியில் ஐரோப்பிய அளவுகோல்களுக்கு இணையான மாசுக் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரலில் ஆணையிட்டது. எம். சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கின் நீட்சி அது. அதன் அழுத்தத்தில்தான் இந்தியக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கார்புரேட்டரைக் கைவிட்டன. மாருதி 800 உட்பட அவ்வாண்டுகளில் ஊர்திகளின் பின்கதவில் ‘எம்பிஎஃப்ஐ’ என்ற எழுத்துகள் ஒரு பட்டம்போல ஒட்டப்பட்டிருந்ததைப் பலர் நினைவுகூரக்கூடும். இருசக்கர ஊர்திகள் மேலும் இருபதாண்டு கார்புரேட்டரோடு காலம் தள்ளின. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தபின் அவற்றிலும் புதிய உற்பத்தியில் கார்புரேட்டர் ஏறத்தாழ மறைந்துவிட்டது.

கார்புரேட்டர் ஓர் அழகான கருவி என்பதை மறுக்க வேண்டியதில்லை. மின்சாரமோ கணிப்போ இன்றி, காற்று ஒரு குறுகலான கழுத்தின் வழியே விரைந்து செல்லும்போது உண்டாகும் அழுத்தக் குறைவை மட்டுமே நம்பி, மிதவைக் கலத்திலிருந்து பெட்ரோலை ஒரு சிறு துளை வழியாக அது உறிஞ்சிக் கொடுக்கிறது. அத்துளையாகிய ஜெட்டின் அளவு நிலையானது. அதன் எளிமைக்கும் அதன் குறைக்கும் வேர் ஒன்றே. கழுத்தின் வழியே செல்லும் காற்றின் எடையை அக்கருவி அறியாது, அதன் கன அளவையே ஏறத்தாழ உணர்கிறது. ஏற ஏறக் காற்று மெலிகிறது. பெட்ரோல் அதே விகிதத்தில் குறைவதில்லை. காற்றின் அடர்த்தி எவ்வளவு குறைகிறதோ அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மட்டுமே பெட்ரோல் குறையும் என்பது பாய்ம இயக்கவியலின் எளிய முடிவு.

சமவெளிக்காகச் சரிசெய்யப்பட்ட கார்புரேட்டர், 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் பெட்ரோலைக் கலக்கும். 5,300 மீட்டரைத் தாண்டிய கார்துங் லா கணவாயில் அம்மிகை 30 விழுக்காட்டைத் தொடும். கரும்புகை, நனைந்த ஸ்பார்க் பிளக், நின்றுபோகும் ஐட்லிங், மண்டையைப் பிளக்கும் பெட்ரோல் நெடி ஆகியவை ஓட்டுநரின் குறையால் வருவன அல்ல. அக்கருவியின் இயற்பியல் அது. இமயத்தில் கார்புரேட்டர் வண்டி ஓட்டிய தலைமுறை சிறிய ஜெட்டுகளைத் தீப்பெட்டியில் போட்டுக் கூடவே எடுத்துச் சென்றது அதனால்தான். இன்ஜெக்‌ஷன் அமைப்போ உறிஞ்சுகுழாயின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் சென்சார்களால் அளந்து, ஒவ்வொரு சுழற்சிக்கும் பெட்ரோலைக் கணக்கிட்டுப் பீய்ச்சுகிறது. இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவது நலம். இன்ஜெக்‌ஷன் மலையுச்சியில் இழந்த வலுவை மீட்டுத் தராது. காற்றே பாதியாகிவிட்டால் வலுவும் பாதிதான். சரியான கலவையை மட்டுமே அது காப்பாற்றும். விற்பனைப் பேச்சில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

ஜிப்சி போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. செங்குத்தான சரிவில் வண்டி சாயும்போது மிதவைக் கலத்திலுள்ள பெட்ரோலும் சாய்கிறது. ஒருபுறம் வழிகிறது, அல்லது ஜெட்டின் வாய் வறண்டு போகிறது. ஏறிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்து, பிரேக்கின் வெற்றிட உதவியும் சில மிதிகளில் தீர்ந்துவிடுமானால், அது வெறும் அசௌகரியம் அன்று, ஆபத்து. சமவெளியின் கோடையில் வேறு கதை. இன்ஜினின் வெப்பத்தில் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ள, பம்ப்பின்மேல் ஈரத்துணியைப் போர்த்திக் காத்திருந்த காட்சி அம்பாசிடர் காலத்து இந்திய நெடுஞ்சாலைகளின் பொது நினைவு. அழுத்தம் மிகுந்த இன்ஜெக்‌ஷன் குழாயில் அவ்வாறு ஆவியாதல் மிக அரிது.

இனி, ‘அப்கிரேட்’ என்ற பெயரில் நடப்பதைப் பார்ப்போம். கார்புரேட்டர் இன்ஜினை வலுவூட்டுதல் என்றால் நடைமுறையில் அகன்ற கழுத்துடைய பெரிய கார்புரேட்டர், திறந்த ஏர் ஃபில்டர், அகலக் குழாயுடைய சைலன்சர், சில வேளைகளில் சிலிண்டர் தலையைச் சீவி அழுத்த விகிதத்தைக் கூட்டுதல் என்று பொருள். மூன்று வழிகளிலும் மிக மோசமானது இதுவே. கழுத்து அகலமானால் குறைந்த வேகத்தில் காற்றின் விரைவு குறையும். விரைவு குறைந்தால் பெட்ரோல் நுண்துளிகளாகச் சிதறாமல் கனத்த துளிகளாக விழும். உயர்ந்த சுழற்சியில் கிடைக்கும் சில குதிரைத்திறனுக்காக, சேற்றிலும் பாறையிலும் ஊர்ந்து செல்லத் தேவையான கீழ்நிலை இழுவையை விட்டுக்கொடுக்க நேர்கிறது. புகை கூடுகிறது. மைலேஜ் விழுகிறது. மாசுச் சான்றுக்குச் செல்லும்போது மட்டும் ஐட்லிங் திருகைச் சுற்றி அளவைக் குறைத்துக்கொண்டு, திரும்பி வந்ததும் பழைய நிலைக்கே மாற்றிவிடும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஓட்டப்பந்தயக் களத்திற்கு வெளியே இத்தகைய வலுவூட்டலை ஆதரிக்க வலுவான காரணம் எதுவும் இல்லை.

அதற்கு மாறாக, கார்புரேட்டரை அதன் பிறந்த நிலைக்கு மீட்டெடுப்பது மதிக்கத்தக்க வேலை. கார்புரேட்டர்மீது சுமத்தப்படும் பழிகள் பல உண்மையில் அதற்குரியவை அல்ல. தேய்ந்த திராட்டில் தண்டின் ஓரம் புகும் காற்று, வெடித்த வெற்றிடக் குழாய், துருப்பிடித்த பெட்ரோல் டேங்க், சரியாக முன்னேறாத டிஸ்ட்ரிபியூட்டர், சரிபார்க்கப்படாத வால்வு இடைவெளி ஆகியவை சேர்ந்து உண்டாக்கும் தடுமாற்றத்தை ஒரே ஒரு கருவியின் தலையில் கட்டிவிடுவது வழக்கம். இவற்றையெல்லாம் சரிசெய்த பின்னும் வண்டி உரிமையாளரின் தேவைக்குப் போதவில்லையானால்தான் இன்ஜின் மாற்றம் பற்றிப் பேச வேண்டும். நகரத்திற்குள் வார இறுதியில் ஓடும் வண்டிக்கு மீட்டெடுப்பே போதும்.

இன்ஜின் மாற்றமும் பெயரளவில் தோன்றுவதைவிடப் பெரிய வேலை. ‘எஸ்டீம் இன்ஜின் கிடைக்கிறது, அதே 1.3 தானே, போட்டுவிடலாம்’ என்ற பேச்சு தில்லியின் மாயாபுரி முதல் மும்பையின் குர்லா வரை பழைய உதிரிபாகச் சந்தைகளில் எளிதாகக் கேட்கக் கிடைக்கும். எஸ்டீம் முன்சக்கர இயக்க வண்டி. அதன் இன்ஜின் குறுக்காக அமர்ந்திருக்கும். ஜிப்சியில் நெடுக்காக அமர வேண்டும். ஆகவே தாங்கிகள், எண்ணெய்த் தொட்டி, உறிஞ்சுகுழாய், குளிர்நீர் வழிகள் எனப் பலவும் மாற வேண்டியிருக்கும். பிற்கால ஜிப்சியின் இன்ஜினே கிடைத்தால் இத்தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. எதுவாயினும் இன்ஜினோடு வேலை முடிவதில்லை. கார்புரேட்டருக்கு கால் பார் அளவு அழுத்தத்தில் பெட்ரோல் போதும். இன்ஜெக்‌ஷனுக்கு அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு வேண்டும். பழைய ரப்பர் குழாயை அப்படியே வைத்து மின்பம்ப்பை இணைப்பது தீயை விலைக்கு வாங்குவதாகும். டேங்கிற்குள் பம்ப், திரும்பு குழாய், முழு வயரிங் தொகுதி, இசியு, ஆக்ஸிஜன் சென்சார், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அம்மாற்றம். கடைசி இரண்டையும் ‘தேவையில்லை’ என்று விட்டுவிடும் பணிமனைகள் உள்ளன. அவ்வாறு விட்டால் இன்ஜெக்‌ஷனின் பாதிப் பயன் தெருவிலேயே போய்விடும். கலவை 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற எடை விகிதத்தை ஒட்டியே நிற்கும்போதுதான் கன்வெர்ட்டர் மூவகை நச்சுகளையும் ஒருசேர மாற்றும். அவ்விகிதத்தைக் கண்காணிப்பது ஆக்ஸிஜன் சென்சார்.

16 வால்வு இன்ஜின் தன் உச்ச இழுவையை 4,500 சுழற்சியில்தான் தருகிறது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஊர்ந்து செல்லும் மலைப்பாதையில் பழைய எட்டு வால்வு இன்ஜினை விரும்புவோர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆயினும் அது வால்வுகளின் எண்ணிக்கை பற்றிய வாதம், இன்ஜெக்‌ஷனுக்கு எதிரான வாதம் அன்று.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வேறிடத்தில் இருக்கிறது. கார்புரேட்டர் மெல்ல மெல்லக் கெடும். இன்ஜெக்‌ஷன் ஒரே நொடியில் நிற்கும். கார்புரேட்டர் வண்டி இருமிக்கொண்டாவது அடுத்த ஊர் சேரும். டேங்கிற்குள் இருக்கும் மின்பம்ப் எரிந்துபோனால் இன்ஜெக்‌ஷன் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஸ்பித்தியிலோ சான்ஸ்காரிலோ அவ்வேறுபாடு சிறியதன்று. ஒரு ஸ்குரூடிரைவரும் ஊதும் வாயும் இருந்தால் கார்புரேட்டரைத் திறந்து சுத்தம் செய்துவிடலாம் என்பதும் உண்மை. சென்சார் ஒன்று தவறாக அளந்தால் இசியு ஒரு பொதுமதிப்பைக் கொண்டு வண்டியை ஊர்ந்தேனும் செல்லவைக்கும் என்பது பதிலாக அமையும். பம்ப்புக்கு அந்தப் பதில் இல்லை. உதிரி பம்ப் ஒன்றையும் ரிலே ஒன்றையும் வண்டியிலேயே வைத்திருப்பதே வழி.

ஆயின் இவ்வாதம் ஓர் அனுமானத்தின் மீது நிற்கிறது. கார்புரேட்டரைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் எங்கும் இருப்பார் என்பதே அது. 1990இல் அது சரி. இன்று அவ்வறிவு ஒரு தலைமுறையோடு ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறது. ஸ்பார்க் பிளக்கின் முனை நிறத்தைப் பார்த்துக் கலவையைச் சொல்பவர், ஐட்லிங் ஒலியைக் கேட்டுத் திருகைக் கால் சுற்றுச் சுற்றுபவர், அதை எந்தப் பாடநூலிலிருந்தும் கற்கவில்லை. மைக்கேல் போலன்யி சொல்லாமல் அறியும் அறிவு என்று குறித்தது இதைத்தான். இருசக்கர ஊர்திகள் கார்புரேட்டரைக் கைவிட்டபின், அவ்வறிவு அன்றாடம் புதுப்பிக்கப்படும் களமும் சுருங்கிவிட்டது. இன்று பணிமனைக்கு வரும் இளைஞர் முதலில் தொடுவது ஸ்கேனர் கருவியை. அவரிடம் இரட்டைத் தொண்டைக் கார்புரேட்டரைக் கொடுத்தால் திகைப்பார். பழைய வயரிங் தொகுதியைக் கொடுத்தால் மின்னழுத்தமானியை எடுப்பார். எளிமை என்பது கருவிக்குள் மட்டும் இருக்கும் பண்பன்று. அதைச் சூழ்ந்திருக்கும் கைகளிலும் இருக்கிறது.

டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ நூலில், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பின் வரலாறாக எழுதாமல் பயன்பாட்டின் வரலாறாக எழுத வேண்டும் என்று வாதிட்டார். இந்தியப் பழுதுபார்ப்புக் களம் அதற்கு வளமான சான்று. ஆனால் இத்துறை ஆய்வுகளில் ஒரு சாய்வு உண்டு. பழையதைப் பேணும் கைவினைஞரைப் பற்றிப் பேசும்போது, அவர் பழைய பாகத்தையே பேணுகிறார் என்று கற்பனை செய்துகொள்ளும் மனப்போக்கு அது. நடப்பில் அவர் பேணுவது வண்டியை. அதற்காக 1997ஆம் ஆண்டுச் சட்டகத்தில் 2005ஆம் ஆண்டு இன்ஜினை வைப்பதில் அவருக்கு எவ்விதத் தத்துவச் சிக்கலும் இல்லை. இன்ஜின் மாற்றமும் பேணுதலின் ஒரு வடிவமே. அதைப் ‘புதுமை மோகம்’ என்று ஒதுக்குவது ஆய்வாளரின் ஏக்கமே தவிர பணிமனையின் அறிவன்று.

அண்மையில் சேர்ந்த காரணி எத்தனால். 2022இல் 10 விழுக்காட்டுக் கலப்பை எட்டிய நாடு, 2025இல் 20 விழுக்காட்டுக் கலப்புக்கு நகர்ந்துவிட்டது. தூய பெட்ரோலுக்கு 14.7 என்ற காற்று விகிதம், இக்கலவைக்கு ஏறத்தாழ 13.5. நிலையான ஜெட்டைக் கொண்ட கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது பழைய அளவிலேயே ஊற்றும். விளைவாகக் கலவை ஏறத்தாழ 8 விழுக்காடு மெலிந்துவிடும். குளிர்ந்த காலையில் தயங்கும், இழுவையில் அதிகம் சூடாகும். பெரிய ஜெட் போட்டுச் சரிசெய்யலாம்தான். ஆக்ஸிஜன் சென்சாருள்ள அமைப்போ இத்திருத்தத்தைத் தானே செய்துகொள்ளும். எத்தனால் பழைய ரப்பரையும் சில உலோகப் பாகங்களையும் தின்பது மட்டும் இரண்டுக்கும் பொது. இருபது ஆண்டுப் பழைய இன்ஜெக்‌ஷன் இன்ஜினும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டதன்று. குழாய்களையும் சீல்களையும் மாற்றாமல் அதைப் பொருத்துவது அரைவேலை.

இத்தனைக்கும் பிறகு, இன்ஜின் மாற்றமே சரி என்று முடிவுசெய்யும் ஒருவர் எதிர்கொள்வது மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றின் விவரங்களுக்கும் முரண்பாடு உண்டாகுமாறு வண்டியை மாற்றலாகாது என்கிறது அது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகக் காட்டப்படலாம் என்பதும் உண்டு.

இதே பிரிவு வேறொன்றையும் சொல்கிறது. இயற்கை எரிவாயு, எல்பிஜி, மின்கலம் போன்ற வேறு எரிபொருளுக்கோ ஆற்றலுக்கோ வண்டியை மாற்றும் கிட் பொருத்துவதற்கு, நிபந்தனைகளுடன் வழியுண்டு. அதாவது, 1997ஆம் ஆண்டு ஜிப்சியின் இன்ஜினைத் தூக்கி எறிந்துவிட்டு அங்கீகரிக்கப்பட்ட மின்மோட்டாரை வைக்கச் சட்டத்தில் பெயர்சொல்லி ஒரு வாசல் இருக்கிறது. பெட்ரோலையே பெட்ரோலாக, ஆனால் தூய்மையாக எரிக்கும் இன்ஜினை, அதுவும் அதே நிறுவனம் அதே வண்டிக்காகச் செய்ததை வைக்க, அவ்வாறு பெயர்சொன்ன வாசல் இல்லை. பல ஊர்திகளை வைத்திருக்கும் போக்குவரத்து உரிமையாளர்கள் பற்றிப் பேசும்போது சட்டம் ‘அதே நிறுவனம், அதே வகை’ என்ற சொற்களை ஆள்கிறது. எட்டு வால்வுக் கார்புரேட்டர் இன்ஜினும் 16 வால்வு இன்ஜெக்‌ஷன் இன்ஜினும் ஒரே ‘வகை’தானா? அளவு ஒன்று, எரிபொருள் ஒன்று, குடும்பம் ஒன்று. மாசு நிலையோ வேறு. இக்கேள்விக்கு விடை, எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எந்த மேசைக்கு விண்ணப்பம் போகிறது என்பதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

சட்டத்தின் கண்டிப்புக்கு நியாயமான காரணங்கள் உள்ளன என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். திருட்டு வண்டியின் இன்ஜின் எண் வேறொரு வண்டிக்குள் மறைவது பழைய சிக்கல். 45 குதிரைத்திறனுக்காகச் செய்த பிரேக்கின்மேல் 150 குதிரைத்திறனை ஏற்றும் ஆர்வக்கோளாறும் உண்டு. ஆனால் கண்டிப்பு இப்போது எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். பெரிய கார்புரேட்டர், திறந்த ஃபில்டர், சீவிய சிலிண்டர் தலை ஆகியவை பதிவுச் சான்றில் எந்த எண்ணையும் மாற்றுவதில்லை. ஆகவே அவை நடைமுறையில் கண்ணில் படுவதில்லை. மாசைக் குறைக்கும் இன்ஜின் மாற்றமோ இன்ஜின் எண்ணை மாற்றுகிறது, உடனே சிக்குகிறது. காற்றைக் கெடுக்கும் மாற்றம் தப்பிக்க, காற்றைக் காக்கும் மாற்றம் குற்றமாகும் விந்தை இது.

பயனும் அதே முறையில்தான் அளக்கப்படுகிறது. மாசுச் சோதனையில், பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிக்கு ஐட்லிங் நிலையில் 3 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு வரை அனுமதி. பாரத் ஸ்டேஜ் 2, 3 வண்டிகளுக்கு 0.5 விழுக்காடு. 1997ஆம் ஆண்டு ஜிப்சியில் பிற்கால இன்ஜினும் கன்வெர்ட்டரும் இருந்தாலும், பதிவேட்டின் பார்வையில் அது இன்னும் 3 விழுக்காட்டு வண்டியே. தில்லியில் பழைய ஊர்திகள்மீது வந்த ஆணைகளும் வண்டியின் வயதையோ பதிவான மாசு நிலையையோ பார்க்கின்றனவே அன்றி, உள்ளே பொருத்தப்பட்டிருக்கும் இன்ஜினைப் பார்ப்பதில்லை. தூய்மையாக்கியதற்கு உரிமையாளர் பெறுவது எதுவுமில்லை, இழக்க மட்டுமே நிறைய உண்டு.

தீர்வுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், வண்டி மாற்றங்களுக்கான விவரக்குறிப்புகளையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. அதைக் கொண்டு குறுகலான ஒரு வாசலைத் திறக்கலாம். அதே நிறுவனம் அதே மாதிரி வண்டியில் பின்னாளில் பொருத்தி விற்ற, அதே எரிபொருளில் ஓடும், உயர்ந்த மாசு நிலைக்குச் சான்று பெற்ற இன்ஜினுக்கு மட்டும் அது திறந்திருந்தால் போதும். ஆக்ஸிஜன் சென்சாரும் கன்வெர்ட்டரும் உள்ளிட்ட முழுத் தொகுதியும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். மாற்றம் செய்தவர் அன்று முதல் புதிய இன்ஜினுக்குரிய கடுமையான அளவில், 3 அல்ல 0.5 விழுக்காட்டில், சோதிக்கப்பட ஒப்ப வேண்டும். இந்நிபந்தனைக்கு அஞ்சுபவர் காற்றுக்காக இன்ஜினை மாற்றவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை இதில் சேர்க்க வேண்டியதில்லை. அவற்றுக்கு 2021இல் தனி விதிகள் வந்துவிட்டன. சட்டகம், கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூலவடிவில் இருந்தால் ‘விஏ’ எழுத்துகளுடன் தனிப் பதிவு எண் கிடைக்கும். அத்தகைய வண்டியில் கார்புரேட்டரை அகற்றுவது ஓலைச்சுவடியை மறுபடி எடுத்துவிட்டு மூலத்தை எரிப்பதற்கு ஒப்பாகும். அது ஆவணம். 1997ஆம் ஆண்டு ஜிப்சி ஆவணமன்று, இன்னும் உழைக்கும் வண்டி. அவ்வகை ஜிப்சியே பின்னாளில் ஐம்பதைத் தொடும் என்று எதிர்வாதம் எழலாம். கழற்றிய கார்புரேட்டர் இன்ஜினை எண்ணெயிட்டுப் பத்திரப்படுத்தி வைப்பதற்குக் கொட்டகையில் ஒரு மூலை போதும்.

எஞ்சுவது இன்ஜின் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. வாகன உடைப்பு மையங்களுக்கான விதிகள் 2021இல் அறிவிக்கப்பட்டபின், பதிவு நீக்கப்பட்ட வண்டிகள் கணக்கோடு உடைக்கப்படும் இடங்கள் நாட்டில் உருவாகிவருகின்றன. அங்கு வரும் பிற்கால ஜிப்சிகளின் இன்ஜின்கள் உருக்காலைக்குச் செல்வதைவிட, இன்ஜின் எண், மூல வண்டியின் பதிவு எண், நீக்கச் சான்று ஆகிய மூன்றும் குறித்த ரசீதுடன் விற்கப்படுவது மேல். திருட்டு பற்றிய அச்சத்திற்கு அந்த ரசீதே விடை. இன்றைய நிலையில் அதே இன்ஜினை மாயாபுரியில் ரசீதின்றி வாங்கவே முடிகிறது. ரசீதுடன் வாங்க விரும்புபவருக்குத்தான் வழியில்லை.